நார்மன் கட்டிய சுவர்

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் மேல," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. "அங்க ஒரு வால் நீளுது பாரு."

ஹெதர் தரையில் விரித்த செய்தித்தாளின் மேல் மண்டிபோட்டு, பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு, அந்த வாலின் மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். டீ சிந்திக் காய்ந்ததுபோல் இருந்த பழுப்புக் கறை வெள்ளைக்கு அடியில் போயிற்று. முன்னறை ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. பிப்ரவரிக் காற்று வலைத்திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"குளிருதாம்மா? மூடட்டுமா?"

"மூடாத. வாசனை போகணும். உங்கப்பா வர எவ்வளவு நேரம் இருக்கு?"

"மருந்துக் கடைதானே. அரை மணி நேரம்."

"தபால்தலையும் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் அம்மா. மூச்சு வாங்க நிறுத்தினாள். பிறகு கண்ணை மூடியபடியே சிரித்தாள். "போஸ்ட் ஆபீசுக்குள்ள போனா அந்த மனுஷன் ஒரு மணி நேரத்துக்கு வெளிய வராது."

யாருக்குத் தபால்தலை என்று ஹெதர் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு வந்த நர்ஸ் சமையலறையில் வைத்து அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இன்று, அல்லது நாளை. இதயம் களைத்துவிட்டது, இனி ஊசி மருந்து வலிக்கு மட்டும்தான். அதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நர்ஸ் போன கையோடு, அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியிலிருந்து அந்த வெள்ளை டப்பாவை எடுத்துவரச் சொன்னாள் அம்மா.

மாடி ஏற முடியாமல் போனபிறகு, இரண்டு வாரமாக அம்மாவின் கட்டில் முன்னறையில்தான். கட்டிலின் தலைமாட்டுக்கு எதிரே, அறையின் நடுச்சுவரில், முன்பு கரி எரித்த கணப்பு இருந்த இடம். இப்போது அது வெறும் சுவர். அந்தச் சுவரில்தான் கறை. ஹெதர் லீட்ஸிலிருந்து வந்து இறங்கிய அன்று அது ஒரு கையகலம் இருந்தது. இப்போது ஒரு தட்டு அகலம்; அம்மா அதன் முன்னால் துணி உலர்த்தும் சட்டத்தை வைக்கச் சொன்னதால் அப்பா கண்ணில் படவில்லை. கிட்டே போனால் நனைந்த சாம்பலின் வாடை.

"அம்மா, நான் எங்க வேலை பாக்கறேன்னு மறந்துட்டியா?" என்றாள் ஹெதர். "நகராட்சி வீட்டுப் பழுதுப் பிரிவு. நாள் முழுக்க போன்ல இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஓதம் ஏறின சுவர் மேல பெயிண்ட் அடிக்காதீங்க, அடிச்சா உள்ளயே தங்கும், மறுபடி வரும். இப்ப நானே உக்காந்து அடிக்கறேன்."

"நல்லா அடிக்கற."

"மூடின புகைபோக்கிக்குக் கீழ ஒரு ஓட்டை, மேல ஒரு ஓட்டை வேணும்மா. காத்து போய் வரணும். இங்க ரெண்டும் இல்ல. உள்ள இருக்கிற பழைய புகைக்கரி ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு இப்படித்தான் கக்கும். ஒரே ஒரு செங்கல்லை எடுத்துட்டு ஒரு சல்லடைத் தகடு வெச்சா..."

"தெரியும்."

ஹெதர் திரும்பிப் பார்த்தாள்.

"எண்பத்து மூணுல ரேடியேட்டர் சரி பண்ண வந்த ஆள் சொன்னான்," என்றாள் அம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் காற்றைத் தேடினாள். "இதையேதான் சொன்னான். கீழ ஓட்டை, மேல ஓட்டை. எம்புருஷன் கிட்ட சொல்லாதேன்னு அவனுக்கு ஒரு பெரிய கேக் துண்டு குடுத்து அனுப்பிட்டேன்."

"அப்போலேருந்தா?"

"அதுக்கும் முன்னாடியே. மூடின ரெண்டாவது குளிர்காலத்துலேயே வந்துருச்சு."

"வருஷா வருஷம் நீயா அடிச்ச?"

"அப்பா வெளியூர் ஃபுட்பால் ஆட்டம் பாக்கப் போற சனிக்கிழமையா பாத்து. பஸ் கிளம்பினதும் டப்பாவை எடுத்துடுவேன். அவர் வர்றதுக்குள்ள காஞ்சுடும்." அம்மா தலையணையில் தலையைச் சற்றே திருப்பிச் சுவரைப் பார்த்தாள். "இந்தத் தடவை என்னால எந்திரிக்க முடியல. அதான் உன் தலையில கட்டறேன்."

கணப்பை மூடியது ஹெதருக்குப் பதினாலு வயதில். அந்த வருடம் அம்மாவுக்கு நிமோனியா வந்து ஆறு வாரம் படுத்திருந்தாள். நிலக்கரித் தூசி இவள் நெஞ்சுக்கு ஆகாது, ஈரமும் ஆகாது என்றார் டாக்டர். அதுவரை தினமும் விடியுமுன்னே எழுந்து, கணப்புக்கு முன்னால் மண்டிபோட்டு, சாம்பலை வாரி, கரி அடுக்கி நெருப்பு மூட்டுவது அம்மாதான். அப்பா கடன் வாங்கி, வீட்டைச் சூடாக்க ரேடியேட்டர் வைத்தார். கணப்பை மூட ஆள் கூப்பிடக் கையில் மிச்சமில்லை. நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்து தானே கட்டினார். ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்ளும் மனிதர். தபால்காரர். மூன்று சனி, மூன்று ஞாயிறு. இரண்டு தடவை சரிந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் எட்டிப் பார்த்து, "என்ன நார்மன், செங்கல்லுக்கும் விலாசம் எழுதி ஒட்டினாத்தான் சரியான இடத்துல போய் உக்காருமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் பூச்சு காய்ந்ததும் அப்பா அம்மாவைக் கையைப் பிடித்து மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து காட்டினார். "இனிமே நீ முட்டி போட வேண்டாம் டோரீன்," என்றார். அம்மா அந்தச் சுவரை முன்னும் பின்னும் நடந்து பார்த்ததும், அப்பாவின் சட்டைக் காலரிலிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டே நின்றதும் ஹெதருக்கு நினைவிருக்கிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தச் சுவரைத் தட்டிக் காட்டுவார். இன்றைக்கும்.

"ஒரு ஓட்டை போட்டா சுவர் விழுந்துடாதும்மா," என்றாள் ஹெதர் மெல்ல.

"சுவர் விழாது." அம்மா கண்ணைத் திறந்தாள். "அந்த மனுஷன் வாழ்நாள்ல கையால கட்டினது இது ஒண்ணுதான். அதுவும் எனக்காக. அதுல தப்பு இருக்குன்னு யாரு போய்ச் சொல்றது? நான் சொல்லல. நீயும் சொல்லாத."

"அம்மா..."

"சொல்லாத, ஹெதர்."

ஹெதர் பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் போட்டாள். "சரி," என்றாள்.

அப்பா வந்தபோது டப்பாவும் செய்தித்தாளும் அலமாரிக்குப் போயிருந்தன. ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் தபால்தலை உறையுமாக முன்னறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை?"

"ஹெதர் நகப்பூச்சு போட்டுக்கிட்டா," என்றாள் அம்மா.

ஹெதர் கைகளை ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துக்கொண்டாள். ஐம்பது வயதில் அவள் நகத்தில் ஒருநாளும் பூச்சு பட்டதில்லை. அப்பா அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஜன்னலைச் சாத்தினார். வழக்கம்போல் சுவரைத் தட்டக் கையை நீட்டினார்.

"அப்பா!" என்றாள் ஹெதர்.

"என்ன?"

"டீ ஆறிடும். வாங்க, முதல்ல உக்காருங்க."

டீ இன்னும் போட்டிருக்கவில்லை. போர்வைக்குள் அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா இருமலா என்று தெரியாமல் அப்பா ஓடிப்போய் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தார்.

மத்தியானம் நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனபிறகு அம்மாவின் முகம் தளர்ந்தது. ஒரு கரண்டி சூப்பை உதட்டில் வாங்கி அப்படியே விட்டுவிட்டாள். வெளியே மலைப்பக்கமிருந்து மழை இறங்கி, தெருவிலிருந்த இருபது வீட்டுக் கூரைகளும் ஒரே ஈயநிறமாகிவிட்டிருந்தன. ஹெதர் விளக்கைப் போட்டாள். அம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். ஹெதர் அணைத்துவிட்டாள்.

"நார்மன்."

"இங்கதான் இருக்கேன்."

"பீட் போ."

ஹெதருக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, அம்மாவின் மணிக்கட்டைத் தன் கட்டை விரலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "தூக்கம் வராத நாள்ல இவளுக்கு நான் தபால் குடுத்த பீட்டைச் சொல்லுவேன்," என்றார் மகளிடம், கொஞ்சம் வெட்கத்தோடு. "வீடு வீடா. பாதித் தெருவுலயே தூங்கிடுவா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்னிங் தெரு. ஒத்தைப்படை நம்பர் பக்கம். ஒண்ணாம் நம்பர், பிக்கப் வீட்டு அக்கா தங்கச்சி. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. அக்காவுக்கு வந்த லெட்டரைத் தங்கச்சி கையில குடுத்தா வாங்க மாட்டா. மூணு, கடிகாரக்காரர். அஞ்சாம் நம்பர், ஹார்கிரீவ்ஸ். கறுப்பு நாய். அதுக்கு என் மேல கோவம் இல்ல, என் பை மேலதான் கோவம். ஏழு, அந்தப் போலந்துக்காரர். வருஷத்துக்கு ஒரே லெட்டர், கிறிஸ்துமஸுக்கு. அதை மட்டும் கதவுத் துவாரத்துல போட மாட்டேன். கதவைத் தட்டிக் கையில குடுப்பேன். அவர் அதை வாங்கி நெத்தியில வெச்சுக்குவார்..."

"பதிமூணு," என்றாள் அம்மா, உதடு மட்டும் அசைய.

"இன்னும் பதிமூணு வரல. ஒன்பது இருக்கு, பதினொண்ணு இருக்கு."

"பதிமூணுல ஒருத்தி. உன்னைப் பாத்துப் பாத்துச் சிரிப்பாளே."

"அவ எல்லாரையும் பாத்து அப்படித்தான் சிரிப்பா. பல்செட் பெரிசு, வாய் மூடாது."

அம்மாவின் வாய் ஓரம் அசைந்தது. அப்பா ஒன்பதுக்குத் திரும்பிப் போனார், அங்கிருந்து பதினொன்று, பதிமூன்று, பதினைந்து. ஒவ்வொரு வாசலிலும் நின்றார். படியில் பால் புட்டி வைக்கிற வீடு, செருப்பை வெளியே விடுகிற வீடு, மகன் கடலோடிப் போய்த் திரும்பி வராத வீடு. பதினேழில் இருந்தவர் ஓய்வூதிய உறை வரும் நாளன்று முகச்சவரம் செய்துகொண்டு காத்திருப்பார். பத்தொன்பதில் ஒரு தாயும் ஐந்து பெண்களும்.

ஹெதர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நீண்டுகொண்டே போன இடைவெளி, பிறகு முடியாமல் போயிற்று. அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். இருபத்தொன்று. இருபத்து மூன்று, புறா வளர்க்கிறவர். இருபத்தைந்து, சங்கீத டீச்சர், வாசலில் காது வைத்தால் எப்போதும் ஒரே பாட்டு, எப்போதும் அதே இடத்தில் தப்பு. அவருடைய கட்டை விரல் அம்மாவின் மணிக்கட்டை நீவிக்கொண்டே இருந்தது. ஹெதர் அவரை நிறுத்தவில்லை.

"முப்பத்தொண்ணு. டான்சன். துவாரம் ரொம்பக் கீழ, குனிஞ்சே முதுகு போயிடும்." அப்பா மணிக்கட்டிலிருந்து கட்டை விரலை எடுத்தார். "அவ்வளவுதான் அன்னிங் தெரு."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நர்ஸ் வந்து, தாளில் எழுதுவதற்காக எத்தனை மணி என்று கேட்டாள். ஹெதர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நாலு இருக்குமா, நாலரை இருக்குமா என்று தடுமாறினாள்.

"பத்தொன்பதாம் நம்பர்ல," என்றார் அப்பா.

அடக்கம் வெள்ளிக்கிழமை. அதற்குள் மூன்று நாள் விடாமல் மழை. கட்டிலை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். கம்பளத்தில் நாலு குழி மட்டும் இருந்தது. பன்றி இறைச்சி சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த ஹெதர், கறுப்பு டை முடிச்சுக்கு உதவி கேட்டு அப்பா வராததால் தேடிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

டை கழுத்தில் தொங்க, அப்பா சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

கறை வந்துவிட்டிருந்தது. வெள்ளையைத் தின்றுவிட்டு, முன்பைவிடப் பெரிதாக, விளிம்பெல்லாம் மஞ்சளாக. வாலும் திரும்ப முளைத்திருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் அப்பா.

"மழைப்பா. மழை ஜாஸ்தி இல்லையா."

"முப்பத்தாறு வருஷம் மழை பெய்யலையா? ஒரு பொட்டு வந்ததில்ல இந்தச் சுவர்ல." உள்ளங்கையை அதன்மேல் வைத்து எடுத்து, கையைப் பார்த்தார். "ஈரம். ஊறிக் கெடக்கு. ஒரே நாள்ல இப்படி ஊறாது ஹெதர். உள்ள ரொம்ப நாளா இருந்திருக்கு. இந்தக் குளிர்காலம் முழுக்க இருந்திருக்கணும்."

"டையைக் குடுங்க, கட்டி விடறேன்."

"அவ நெஞ்சுக்கு ஈரம் ஆகாதுன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரே." குரல் சன்னமாகிவிட்டது. "மாடியில நல்லா காஞ்ச அறையில படுத்திருந்தா. நான்தான் கீழ கொண்டாந்து, இதுக்கு எதுக்க போட்டேன். ரெண்டு வாரம் இதைத்தான் மூச்சு இழுத்திருக்கா."

ஹெதர் வாயைத் திறந்தாள். இது முப்பத்து நாலு வருடமாக இருக்கிறது அப்பா, இதற்கும் அம்மா போனதற்கும் சம்பந்தமில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் டையை முடிந்து, காலரை மடித்துவிட்டாள். யாரோ அனுப்பியிருந்த பூக்கூடையை எடுத்து, கறை மறையும்படி ஒரு முக்காலியின் மேல் வைத்தாள்.

அன்று சாயங்காலம் வந்தவர்கள் டீ குடித்தார்கள், சாண்ட்விச் சாப்பிட்டார்கள், டோரீன் எவ்வளவு நல்லவள் என்று சொன்னார்கள். அப்பா யாருக்கும் சுவரைத் தட்டிக் காட்டவில்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எல்லோரிடமும் வந்ததற்கு நன்றி என்றார்.

அடுத்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முன்னறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பூக்கூடையை எடுத்து வெளியே வைத்துவிட்டிருந்தார். டாக்டரிடமே போன் செய்து கேட்டார். அம்மாவின் இதயம் பல வருடமாகவே பழுது, ஓதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அப்பா நன்றி சொல்லி போனை வைத்தார். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றார்," என்றார். ஹெதர் இரண்டு தடவை அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவையும் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். மூன்றாம் நாள் அவள் தன் அலுவலகத்துக்கு போன் செய்து பேரியைக் கூப்பிட்டாள்.

பேரி நகராட்சியின் கூரை வேலைக்காரன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, வண்டி மேல் இரண்டு ஏணியோடு லீட்ஸிலிருந்து வந்தான். பேச்சை நிறுத்தத் தெரியாதவன். முன்னறைக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்கு அனுதாபம் சொன்னான், சுவரை விரல் மூட்டால் தட்டினான், மோந்து பார்த்தான்.

"யாரு சார் கட்டினது? ஒரு நூல்கூடச் சாயலையே. உடைக்க மனசே வரல."

"நான்தான்," என்றார் அப்பா.

"கொத்து வேலைதான் தொழிலா?"

"தபால்."

பேரி அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். "எங்க ஆளுங்க ரெண்டு பேரை உங்ககிட்ட அனுப்பணும் சார்," என்றான். பிறகு துணி விரித்து, உளியை எடுத்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு செங்கல்லைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தான். ஹெதர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அம்மாவின் ரகசியத்தை அவள் சொல்லியிருக்கவில்லை. ஒரு செங்கல், ஒரு சல்லடைத் தகடு, புகைபோக்கியின் மேலே சிமென்ட் மூடிக்குப் பதிலாகக் காற்றுப் போகிற தொப்பி, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அப்பா சரி என்று தலையாட்டியிருந்தார். இப்போது நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டுக்கும் கண் சிமிட்டினார்.

பூச்சு முதலில் வந்தது. சிறு சிறு சில்லாக வராமல், உள்ளங்கை அளவுக்கு ஒரே பாளமாகக் கழன்று துணியில் விழுந்தது. அதன்பின் செங்கல். அதன்பின் ஒரு வாளி நிறைய ஈரப் புகைக்கரியும், என்றோ ஒரு காகம் கூட்டுக்குக் கொண்டுவந்த சுள்ளிகளும் சரிந்தன. நனைந்த சாம்பல் வாடை அறை முழுக்க ஏறிற்று.

"அட," என்றான் பேரி. பாளத்தைக் கையில் எடுத்து, விளிம்பைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான். "இங்க பாருங்க சார். பெயிண்ட்டே காசு கனத்துக்கு இருக்கு. எத்தனை வருஷமா அடிச்சிருக்காங்க!"

ஹெதர் நிலையிலிருந்து நிமிர்ந்தாள்.

அப்பா கையை நீட்டி அதை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாளத்தின் விளிம்பைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். கோடு கோடாக இருந்தது. வெள்ளை, வெளிர் மஞ்சள், வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை; எந்த நிறமானாலும் அதன் மேல் வெள்ளை.

"இது சமையலறைப் பச்சை," என்றார், தனக்குத்தானே. "மிச்சம் இருந்துச்சு. எங்க போச்சுன்னு தேடினேன்." நகத்தால் இன்னொரு கோட்டைத் தொட்டார். "இது உன் அறை ரோஸ்."

"நடு நடுவுல வெள்ளி மாதிரி மினுங்குது பாருங்க, அலுமினியப் பெயிண்ட்," என்றான் பேரி உற்சாகமாக. "கறை வெளிய வராம இருக்க, முதல்ல அதை ஒரு கை அடிச்சுட்டு, அது மேலதான் கலர் அடிக்கணும். விஷயம் தெரிஞ்ச கை. கடைசியா அடிச்சவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல. வெறும் வெள்ளையை இழுத்து விட்டிருக்காங்க."

ஹெதர் கைகளை மறுபடி ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. "ஏம்பா," என்று பேரியைக் கேட்டார். "இந்த மாதிரி மூடி வெச்சா, ஓதம் வர எத்தனை நாளாகும்?"

"மேலயும் கீழயும் அடைச்சுட்டா அது ஆளைக் கட்டிப் போட்டு வாயைப் பொத்தின மாதிரி சார். ஒரு குளிர்காலம் தாங்கும். ரெண்டாவதுல கண்டிப்பா வந்துடும்."

"ரெண்டாவதுல."

"ஆமா. ஏன் சார், முன்னாடி தெரிஞ்சதில்லையா?"

"பேரி," என்றாள் ஹெதர். "மேல ஏறறதுக்கு முன்னாடி டீ குடிச்சுடறியா? சமையலறையில கேத்தில் சூடா இருக்கு. கேக்கும் இருக்கு."

அவன் இருவரையும் பார்த்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனான்.

சுவரில் இருந்த ஓட்டையிலிருந்து சன்னமாக ஏதோ ஒலி வந்தது. மேலே எங்கோ காற்று சுழல்கிற ஒலி. அப்பா பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைக் கட்டை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"நகப்பூச்சு," என்றார் கடைசியில்.

"எனக்கும் அன்னிக்குக் காலையிலதாம்பா தெரியும்."

"சொல்லக் கூடாதுன்னாளா?"

ஹெதர் துணியில் சிதறிய கரியைக் காலால் ஒதுக்கினாள். அதுவே போதுமாக இருந்தது. அப்பா தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எப்ப அடிப்பா? நான் வீட்டுலதானே இருந்தேன்."

"வெளியூர் ஆட்டத்துக்குப் போற சனிக்கிழமை."

"ஓ," என்றார். பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. நாற்காலியில் நிமிர்ந்தார். "ஈரல்!"

"என்னது?"

"ஈரலும் வெங்காயமும். வருஷத்துல ஒரு சனிக்கிழமை, நான் ஆட்டம் முடிஞ்சு வந்தா தெருமுனைக்கே மணக்கும். வீடு முழுக்கப் புகை. இவ்வளவு வெங்காயத்தை ஏன் இப்படிக் கருக்கறான்னு நினைப்பேன். பெயிண்ட் வாசனையை மறைக்க!" கையைத் தொடையில் தட்டிக்கொண்டார். "ஒரு தட்டு நிறைய வெப்பா. உனக்காகத்தான்னு சொல்லுவா. ஒரு துண்டு விடாம முழுங்குவேன். எனக்கு ஈரல் பிடிக்கவே பிடிக்காது, ஹெதர். வாயில வெச்சா குமட்டும்."

"அம்மாவுக்கும்தாம்பா பிடிக்காது."

அப்பா அவளைப் பார்த்தார். முதலில் அவருக்கு மூச்சுதான் வெளியே வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. வாயைத் திறந்து, தோள் குலுங்க, பத்து நாளாக அதிகம் பேசாத தொண்டை கரகரக்கச் சிரித்தார். ஹெதருக்கும் வந்துவிட்டது. கரி படிந்த துணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் சிரித்தார்கள். சமையலறையில் பேரியின் கரண்டிச் சத்தம் நின்றது. சிரிப்பு முடிந்தபிறகும் அப்பாவின் தோள் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. ஹெதர் ஜன்னல் பக்கம் திரும்பி வலைத்திரையைச் சரிசெய்தாள்.

பேரி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தான். மழை நின்று தூறல்தான் இருக்கிறது, இருட்டுவதற்குள் மேலே மூடியைக் கழற்றிவிட்டுத் தொப்பியை வைத்துவிடுகிறேன், ஆனால் நடைபாதை வழுக்குகிறது, ஏணியின் காலை யாராவது பிடித்துக்கொண்டால் நல்லது என்றான்.

"நான் வரேன்," என்றாள் ஹெதர்.

"நீ இரு," என்றார் அப்பா. பாளத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். கூடத்தில் கொக்கியிலிருந்து கைக்குக் கிடைத்த மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பேரிக்குப் பின்னால் போனார்.

ஹெதர் துணியிலிருந்த கரியை வாளியில் கூட்டி அள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வந்தாள். பேரி ஏணியில் பாதி தூரம் ஏறியிருந்தான். கீழே அப்பா இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு ஏணியைப் பிடித்திருந்தார். அவர் போட்டிருந்தது அம்மாவின் மழைக்கோட்டு. ஊதா நிறம், இடுப்பில் வார். தோள் பட்டையில் இறுகி, கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டிருந்தது. கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி பையோடு நடைபாதையில் வந்தவள், அவரைப் பார்த்து, "நார்மன்" என்று மட்டும் சொல்லித் தலையசைத்துவிட்டுப் போனாள்.

மேலேயிருந்து பேரி ஏதோ கேட்டான். அப்பா ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடியே மற்றக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். எதையோ தொட்டுவிட்டு நின்றார். வெளியே எடுத்துப் பார்த்தார். தாள் சுற்றிய ஒரு மிட்டாய். தாளைப் பல்லால் பிரித்து, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, தூறல் முகத்தில் விழ, கூரையை அண்ணாந்து பார்த்தார்.